செவன் வகை கிட் கார்: புதுப்பிப்பதா, சஸ்பென்ஷனா, என்ஜினா?

பாகங்களாக வாங்கி நாமே பூட்டிக்கொள்ளும் கிட் கார் ஒன்றைப் பல வருடமாக வைத்திருக்கும் எவருக்கும் இந்தக் கேள்வி ஒருநாள் வந்தே தீரும். கார் ஓடுகிறது, ஆனால் முன்பிருந்த கூர்மை இல்லை. கையில் கொஞ்சம் பணம் சேர்ந்திருக்கிறது. அதை ஒரு இடத்தில்தான் போட முடியும். தேய்ந்ததை எல்லாம் மாற்றிப் பழைய நிலைக்குக் கொண்டுவருவதா, நல்ல டயரும் ஷாக் அப்சர்பரும் வாங்குவதா, இருக்கும் என்ஜினிலிருந்தே இன்னும் கொஞ்சம் சக்தி எடுப்பதா, வேறு என்ஜினையே இறக்குவதா? நான்கையும் நான் எடைபோட்டுப் பார்த்திருக்கிறேன். எதை முதலில் செய்வது என்பதுதான் பெரிய முடிவு என்று இப்போது உறுதியாக நம்புகிறேன்.

இங்கே பேசுவது லோட்டஸ் செவன் வழியில் வந்த கார்களைப் பற்றி. 1957-ல் லோட்டஸ் நிறுவனர் காலின் சாப்மன் அதை வெளியிட்டபோது அதில் இருந்தது 1172 சிசி ஃபோர்டு என்ஜின், சுமார் 40 குதிரைத்திறன்தான். முழுக் காருக்குப் பிரிட்டனில் கொள்முதல் வரி இருந்தது. பாகங்களாக வாங்கி வீட்டில் பூட்டிக்கொண்டால் அந்த வரி கிடையாது. கிட் கார் பரவியதற்கு அது பெரிய காரணம். 1973-ல் அந்த வரி போய் வாட் வந்தது. அதே ஆண்டு செவனின் உரிமை கேட்டர்ஹாம் நிறுவனத்துக்குப் போனது. பின்னால் வெஸ்ட்ஃபீல்ட் போன்ற நிறுவனங்கள் வந்தன. குழாயை வெட்டி வெல்டு செய்து வீட்டிலேயே கட்டுகிற 'லோகாஸ்ட்' கார்களும் வந்தன. பெயர் எதுவானாலும் உடம்பு கிட்டத்தட்ட ஒன்றுதான். இரும்புக் குழாய் சேசிஸ், அதன்மேல் ரிவெட் அடித்த அலுமினியத் தகடு, முன்னால் நீளவாக்கில் என்ஜின், பின்சக்கர ஓட்டம், பெரும்பாலும் 500 முதல் 600 கிலோ எடை. உள்ளே இருப்பவை ஃபோர்டு எஸ்கார்ட், சியரா, மாஸ்டா எம்எக்ஸ்-5 மாதிரி ஏதோ ஒரு சாதாரணக் காரிலிருந்து கழற்றிய பாகங்கள்.

முதலில் ஒரு கணக்கு. கார் 560 கிலோ, ஓட்டுபவர் 80 கிலோ என்று வைத்துக்கொள்வோம். என்ஜின் 125 எச்.பி. (குதிரைத்திறன்). ஒரு டன்னுக்கு 195 எச்.பி. வருகிறது. என்ஜினில் 20 எச்.பி. கூட்டினால் அது 226.5 ஆகிறது. இதே 226.5-ஐ எடையைக் குறைத்து எட்ட வேண்டுமானால் 88 கிலோவை எடுத்தாக வேண்டும். ஏற்கெனவே எலும்பும் தோலுமாக இருக்கிற காரில் 88 கிலோவுக்கு எங்கே போவது? ஆகவே காகிதத்தில் என்ஜின்தான் ஜெயிக்கிறது. பெரும்பாலானவர்கள் முதலில் என்ஜின் பக்கம் போவதற்கும் இதுதான் காரணம்.

ஆனால் அந்தக் கணக்கு நேர்ச்சாலையில் ஆக்சிலரேட்டரை முழுக்க மிதிக்கும் சில நொடிகளுக்கு மட்டும் பொருந்துவது. செவன் காற்றைக் கிழிக்கும் வடிவம் கொண்டதல்ல. திறந்த முன்சக்கரங்கள், நிமிர்ந்த கண்ணாடி, வெளியே நிற்கும் விளக்குகள் எல்லாமே காற்றைப் பிடித்து நிறுத்துகின்றன. காற்றை வெல்லத் தேவையான சக்தி வேகத்தின் மும்மடிப் பெருக்கமாக ஏறும். 160 கி.மீ. வேகத்திலிருந்து 180-க்குப் போக, காற்றுக்காக மட்டும் 42 சதவீதம் கூடுதல் சக்தி வேண்டும். கூட்டிய குதிரைகளில் பாதி காற்றோடு மல்லுக்கட்டியே களைத்துப்போகும். வளைவுக்குள் நுழைவதிலும், பிரேக் பிடிப்பதிலும், ஸ்டீயரிங் கைக்குச் சொல்லும் செய்தியிலும் இந்த 20 எச்.பி. எதையும் மாற்றாது. இந்தக் காரை நாம் வாங்கியதே அந்த மூன்றுக்காகத்தானே.

தேய்ந்ததை மாற்றுவது

இதில் பெருமையாகச் சொல்லிக்கொள்ள எதுவும் இல்லை. பணம் போனது கண்ணுக்கே தெரியாது. ஆனாலும் பத்து வருடம் தாண்டிய காருக்கு என் முதல் பரிந்துரை இதுதான். காரணம் என் சொந்த அனுபவம்.

என் காரின் பின்பக்கம் ஒரே அச்சு. அது பக்கவாட்டில் நகராமல் பிடிப்பது கீழே இருக்கும் ஏ வடிவக் கை. அதன் முனை டிஃபரன்ஷியலுக்கு (பின்சக்கரங்களுக்குச் சக்தியைப் பிரித்துக் கொடுக்கும் பல்சக்கரப் பெட்டி) அடியில் ஒரு ரப்பர் புஷ்ஷில் (மூட்டில் வைக்கும் மெத்தை போன்ற வளையம்) உட்கார்ந்திருக்கிறது. ஒரு கட்டத்தில், வளைவின் நடுவே ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் காரின் பின்பகுதி அரை விரல் அளவு பக்கத்தில் நகர்ந்து உட்கார்வது போல இருந்தது. ஷாக் அப்சர்பர் போய்விட்டது என்று முடிவு கட்டி நான்கும் புதிதாக வாங்கினேன். கார் கொஞ்சம் இறுக்கமானது, அந்த நகர்வு மட்டும் போகவில்லை. டயர் மாற்றினேன், போகவில்லை. கடைசியில் காரைத் தூக்கி, அந்தக் கையை இரும்புக் கம்பியால் நெம்பிப் பார்த்தபோதுதான் தெரிந்தது, புஷ் முழுக்கக் கூழாகியிருந்தது. டிஃபரன்ஷியலிலிருந்து கசிந்த ஆயில் நேராக அதன்மேல் சொட்டி ரப்பரைத் தின்றிருக்கிறது. உள்ளங்கையில் அடங்கும் ஒரு புஷ்ஷையும் ஒரு ஆயில் சீலையும் மாற்றியதில் கார் வேறு காரானது.

600 கிலோவுக்கும் குறைந்த காரில் சின்னத் தளர்ச்சிகூடப் பெரிதாகத் தெரியும். ஒன்றரை டன் காரின் எடையும் தடித்த ரப்பர்களும் மறைத்துவிடுகிற தேய்மானம் இங்கே நேராக முதுகுக்கும் கைக்கும் வந்துவிடுகிறது. அதனால்தான் புஷ், பால் ஜாயின்ட், ராட் எண்ட், வீல் பேரிங், ஸ்டீயரிங் ராக்கின் பிடிப்புகள் ஆகியவற்றை மாற்றும் செலவுக்கு இந்தக் காரில் கிடைக்கும் பலன் அதிகம்.

புஷ் மாற்றும்போதே ஒரு சிறு முடிவும் எடுக்க வேண்டும்: ரப்பரா, பாலியூரிதேனா? ரப்பர் தன் உடம்புக்குள்ளேயே முறுக்கிக்கொண்டு வேலை செய்யும், எண்ணெய் கேட்காது. ஆனால் போல்ட்டை இறுதியாக இறுக்கும்போது கார் தன் எடையில் சக்கரத்தின்மேல் நிற்க வேண்டும். ஜாக்கியில் தொங்கவிட்டு இறுக்கினால், கீழே இறக்கியதுமே ரப்பர் முறுக்கப்பட்ட நிலையில் மாட்டிக்கொண்டு சீக்கிரம் கிழியும். பாலியூரிதேன் உள்ளே இருக்கும் குழலைச் சுற்றி வழுக்கி வேலை செய்வது. கிரீஸ் காய்ந்தால் கீச்சிடும், அதிர்வையும் கூடுதலாகக் கடத்தும். சாலையில் ஓட்டும் காருக்கு நான் ரப்பரைத்தான் தேர்வேன். எண்ணெய் படும் இடம் என்றால் பாலியூரிதேன்.

இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டியவை இன்னும் உண்டு. பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 என்ற தரத்து ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது என்பது அதன் தரவிதி. ஈரம் ஏறியபின் அந்த எல்லை 155-க்கு இறங்கிவிடுகிறது. வருடத்தில் சில நாள் மட்டும் எடுக்கும் காரில், ஓடவே இல்லையே என்று ஆயிலை அப்படியே விட்டுவைப்பதுதான் வழக்கம். ஓடாவிட்டாலும் அது கெடும். டயரின் பக்கச்சுவரில் இருக்கும் நான்கு இலக்கத்தைப் பாருங்கள்: 2319 என்றால் 2019-ன் 23-ஆம் வாரம். பள்ளம் ஆழமாக இருந்தாலும் பழைய ரப்பர் கல்லாகியிருக்கும். எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பர் ஹோஸ்களை உள்ளிருந்து அரிக்கிறது. ஆர்9 என்று அச்சிட்ட ஹோஸுக்கு மாறிவிடுங்கள். என்ஜினுக்கு மிக அருகில் நீங்கள் உட்கார்ந்திருக்கும் காரில் பெட்ரோல் கசிவு விளையாட்டல்ல. மின்சாரக் கோளாறென்றால் முதலில் எர்த்தைச் சந்தேகியுங்கள். ஃபைபர் விங்கில் (சக்கரத்தின் மேல்மூடி) மாட்டிய விளக்குக்கு உடம்பு வழியாக எர்த் கிடைக்காது. ஒவ்வொன்றுக்கும் தனி வயர் வந்திருக்கும், அதன் முனை பச்சை பூத்திருக்கும்.

எல்லாவற்றுக்கும் முன்னால் சேசிஸ். இரும்புக் குழாயும் அலுமினியத் தகடும் ஈரத்தோடு சேர்ந்தால் இரண்டுக்கும் இடையே அரிப்பு தொடங்கும். மேலே பூசிய பவுடர் கோட்டிங் கல்லடி பட்டு விரிந்த இடத்தில் தண்ணீரை உள்ளே பிடித்து வைத்துக்கொண்டு, வெளியே பளபளப்பாகவே நிற்கும். அடிக்குழாய்களை ஸ்க்ரூடிரைவர் பிடியால் தட்டிக்கொண்டே போனால் நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும்; அரித்த இடத்தில் சத்தம் மங்கும். சஸ்பென்ஷன் கைகள் மாட்டும் இடங்கள், என்ஜின் மவுண்ட், சீட் பெல்ட் பிடிப்பு ஆகிய மூன்றிலும் வெல்டில் மயிர்க்கோடு விரிசல் இருக்கிறதா என்று விளக்கடித்துப் பாருங்கள். இருந்தால் இந்தக் கட்டுரையின் மற்ற பகுதிகள் உங்களுக்கு இப்போதைக்கு வேண்டாம். பணம் முழுக்க அங்கேதான் போக வேண்டும்.

தரையைத் தொடும் பகுதி

புஷ்கள் சரியாக இருக்கின்றன, சேசிஸ் நன்றாக இருக்கிறது என்றால் அடுத்த பணம் டயருக்கு. இதில் பலர் அகலமான டயரை நோக்கிப் போகிறார்கள். அது வேண்டாம் என்பேன். டயர் பிடிக்க வேண்டுமானால் அது சூடேற வேண்டும். ஆயிரம் கிலோவுக்கு மேற்பட்ட கார்களுக்காகச் செய்த டயரை நம் கார் அழுத்தும் அழுத்தத்தில் அது சூடாவதே இல்லை. இன்னும் அகலப்படுத்தினால் இன்னும் குளிர்ந்தே கிடக்கும், மழையில் தண்ணீர்மேல் மிதக்கவும் செய்யும். அளவை விட்டுவிட்டு, மென்மையான ரப்பரைத் தேடுங்கள். காற்றழுத்தமும் அப்படித்தான். வழக்கமான 30 பிஎஸ்ஐ இந்தக் காருக்கு அதிகம். செவன் வகைக் கார்கள் பொதுவாக 18 முதல் 20-க்குள் ஓடுகின்றன. காசே செலவில்லாத இந்த மாற்றத்தை முதலில் செய்து பாருங்கள்.

சக்கரத்தின் எடையை இங்கே தனியாகச் சொல்ல வேண்டும். ஒரு மூலையில் விழும் எடை ஏறக்குறைய 140 கிலோ. வீல், டயர், ஹப், டிஸ்க் எல்லாம் சேர்ந்து 28 கிலோ என்றால், ஐந்தில் ஒரு பங்கு ஸ்பிரிங்குக்குக் கீழே குதித்துக்கொண்டிருக்கிறது. கனமான காரில் அந்தப் பங்கு மிகவும் குறைவு. ஆகவே சக்கரத்துக்கு 3 கிலோ குறைப்பது, பானெட்டில் 12 கிலோ குறைப்பதைவிட இங்கே அதிகம் உணரப்படும். 15 அங்குல வீல் பார்க்க அழகு. 13 அங்குல வீல் ஓட்ட அழகு. நான் 13-ன் பக்கம்.

ஷாக் அப்சர்பர் பற்றி: விலை உயர்ந்த, இரண்டு மூன்று குமிழ் வைத்த வகை வேண்டுமா என்று கேட்பவர்களுக்கு, இருப்பதைக் கழற்றிப் புதுப்பிக்கக் கொடுத்துவிட்டு, மிச்சப் பணத்தில் எடைச் சமன் பாருங்கள் என்றே சொல்வேன். நான்கு சக்கரத்துக்கும் அடியில் தனித்தனி எடைத் தட்டு வைத்து, குறுக்கே எதிரெதிர் மூலைகளின் கூட்டுத்தொகை மொத்த எடையில் 50 சதவீதத்தை ஒட்டி வரும்படி ஸ்பிரிங் தட்டுகளைத் திருகும் வேலை அது. ஒரு கால் குட்டையான மேசையை நினைத்துக்கொள்ளுங்கள். காரும் அப்படி ஆடுகிறது. ஸ்பிரிங் இருப்பதால் நம் கண்ணுக்குத் தெரிவதில்லை, அவ்வளவுதான். இடது வளைவில் பிடிக்கும், வலது வளைவில் வழுக்கும் என்றால் இதுதான் முதல் சந்தேகம். ஓட்டுபவர் சீட்டில் இருக்க வேண்டும் (அல்லது அவர் எடைக்கு மூட்டை), டாங்கில் பாதி பெட்ரோல், டயர் அழுத்தம் சரியாக, ஆன்டி ரோல் பாரின் (வளைவில் கார் சாய்வதைக் குறைக்கும் கம்பி) ஒரு முனையைக் கழற்றிவிட்டு, மட்டமான தரையில் செய்ய வேண்டும். 80 கிலோ மனிதர் 560 கிலோ காரில் ஏழில் ஒரு பங்கு. அவர் இல்லாமல் எடுத்த அளவுக்கு அர்த்தமே கிடையாது. இதை முடித்தபின்தான் கேம்பர், டோ என்ற சக்கரச் சாய்வு, திசைக் கோணங்கள். வரிசை மாறினால் எல்லாம் மறுபடி செய்ய வேண்டும்.

பிரேக்குக்குச் சுருக்கமாகவே பதில் சொல்லலாம். முன் டிஸ்க்குகள் இருமடங்கு எடையுள்ள ஒரு காருக்காகச் செய்யப்பட்டவை. நான்கு பிஸ்டன் காலிபர் பார்வைக்கு நன்றாக இருக்கும், தேவைப்படாது. நல்ல பேட், புது ஆயில், கிழியாத ஹோஸ் போதும். பின் பிரேக்கை வலுவாக்குவது மட்டும் வேண்டவே வேண்டாம். பிரேக் பிடிக்கும்போது எடை முன்னால் போய்விடுகிறது. பின்சக்கரம் முதலில் பூட்டிக்கொண்டால் கார் சுழன்றுவிடும்.

என்ஜின்: இருப்பதா, மாற்றுவதா?

மேலே சொன்னதெல்லாம் முடிந்து, அப்போதும் சக்தி போதவில்லை என்று தோன்றினால் சரி, என்ஜினுக்கு வருவோம்.

இருப்பதையே ட்யூன் செய்வது முதல் வழி. பழைய ஃபோர்டு கிராஸ்ஃபுளோ மாதிரியான என்ஜினில் இரட்டை வெபர் கார்புரேட்டரும் கூர்மையான கேம் ஷாஃப்டும் (வால்வுகளைத் திறந்து மூடும் தண்டு) போட்டால் வரும் சத்தத்துக்கே அந்தக் காசு தகும் என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கும் அது பிடிக்கும். ஆனால் கேம் மாற்றும் முன் கியர்பாக்ஸைப் பாருங்கள். பல கிட் கார்களில் இருக்கும் ஃபோர்டு டைப் 9 ஐந்து கியர் பாக்ஸில் முதல் கியர் 3.65, இரண்டாவது 1.97. அதாவது நிமிடத்துக்கு 6000 சுற்றில் முதல் கியரிலிருந்து இரண்டாவதுக்கு மாற்றினால் என்ஜின் 3240-க்கு விழுகிறது. கூர்மையான கேம் 4000-க்கு மேல்தான் விழித்துக்கொள்ளும் என்றால், ஒவ்வொரு முறையும் அந்தப் பள்ளத்தில் விழுந்து எழ வேண்டும். 130 எச்.பி. கொண்ட மென்மையான என்ஜின், 150 எச்.பி. கொண்ட முரட்டு என்ஜினைவிடச் சாலையில் வேகமாக இருப்பது இதனால்தான். கேம் செலவைக் கணக்கிடும்போது நெருக்கமான கியர்களின் செலவையும் சேர்த்தே கணக்கிடுங்கள்.

கார்புரேட்டரிலிருந்து ஈசியூவுக்கும் (என்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) த்ராட்டில் பாடிக்கும் (காற்றை அளந்து விடும் வால்வு) மாறுவதை நான் ட்யூனிங் என்றே நினைக்கவில்லை. பராமரிப்பைக் குறைக்கும் வழி அது. உச்ச சக்தி பெரிதாக ஏறாது. குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட் ஆவது, பாதி ஆக்சிலரேட்டரில் தடுமாறாமல் போவது, பெட்ரோல் செலவு மூன்றும் திருந்தும். நீண்ட தூரம் ஓட்டுபவருக்கு நல்ல பேரம்.

இரண்டாவது வழி, வேறு என்ஜின். ஃபோர்டு 2.0 டியூராடெக் முழு அலுமினியம், டைமிங் செயின் கொண்டது, கை வைக்காமலே பழைய கிராஸ்ஃபுளோவைவிட நிறையத் தரும். முதல் இரண்டு தலைமுறை எம்எக்ஸ்-5 என்ஜினின் அடிப்பாகம் இரும்பு, ஆகவே கனம். ஆனால் எம்எக்ஸ்-5-ல் அது உட்கார்ந்திருப்பதே நீளவாக்கில். தன் கியர்பாக்ஸோடு அப்படியே வருகிறது. குறுக்குவாக்கில் இருந்த என்ஜினைத் திருப்பி வைக்கும்போது வரும் பெல் ஹவுசிங் (என்ஜினையும் கியர்பாக்ஸையும் இணைக்கும் கூடு), தண்ணீர்க் குழாய், சம்ப் (என்ஜின் அடியில் ஆயில் தங்கும் தொட்டி) தொல்லைகள் இல்லை. ரோவர் கே-சீரிஸ் மிக இலகு. ஹெட் கேஸ்கெட்டைக் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும். ஹயபுசா மாதிரி பைக் என்ஜின் வைத்தால் எடை நன்றாகக் குறையும், கியர் மாற்றுவது துப்பாக்கி வெடித்தது போல இருக்கும். ரிவர்ஸ் கியர் தனியாக ஏற்பாடு செய்ய வேண்டும், கீழ்ச் சுற்றில் இழுவை இருக்காது. பந்தயத் தடத்துக்கு அருமை; போக்குவரத்தில் கிளட்ச் பாவம்.

எந்த என்ஜின் என்பதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது ஆயில். வளைவில் கார் 1 ஜி பக்கவாட்டு விசையை எட்டும்போது சம்ப்பில் இருக்கும் ஆயிலின் மேற்பரப்பு 45 டிகிரி சாய்ந்து நிற்கும். செவனின் தாழ்ந்த பானெட்டுக்காகவும் தரை இடைவெளிக்காகவும் சம்ப்பை ஆழமில்லாமல் வெட்டியிருப்பார்கள். ஒட்டும் டயரோடு நீளமான வளைவில் போனால் ஆயில் ஒரு பக்கம் ஏறிக்கொள்ள, பம்ப் காற்றை உறிஞ்சும். பேரிங் போக அந்தச் சில நொடிகளே போதும். சாதாரணச் சாலைக்குத் தடுப்புத் தகடு வைத்த சம்ப் போதும். பந்தயத் தடத்தில் மென்மையான டயரோடு ஓட்டுவதாக இருந்தால் ட்ரை சம்ப் (ஆயிலைத் தனித் தொட்டியில் வைத்துப் பம்ப் செய்யும் அமைப்பு) வேண்டும், அது விலையில் இன்னொரு என்ஜின் மாதிரி. என்ஜின் மாற்றத்தின் உண்மையான விலை இப்படித்தான் ஏறுகிறது. என்ஜின் மலிவாகக் கிடைக்கும்; மவுண்ட், எக்ஸாஸ்ட், ரேடியேட்டர், வயரிங், சம்ப், கிளட்ச் எல்லாம் சேர்ந்து அதன் விலையைப் பல மடங்கு தாண்டும். உங்கள் நாட்டின் பதிவு விதிகளையும் முதலிலேயே படித்துவிடுங்கள். என்ஜின் மாறினால் புகைச் சோதனையும் பதிவும் மாறலாம்.

எடை குறைப்பு தனித் திட்டமாக எனக்குப் படவில்லை. எது பழுதாகிறதோ அதை மாற்றும்போது இலகுவானதை வாங்கினால் போதும். பாட்டரி மட்டும் விதிவிலக்கு: 12 கிலோ ஈயப் பாட்டரிக்குப் பதில் லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பாட்டரி 3 கிலோவில் வந்துவிடுகிறது. ஆல்டர்னேட்டர் 14.6 வோல்ட்டுக்கு மேல் அனுப்பவில்லை என்று அளந்து பார்த்துவிட்டு வாங்குங்கள்.

விற்றுவிட்டு வேறு வாங்குவதும் ஒரு வழிதான். புது என்ஜின், டி டியான் பின்பக்கம் (டிஃபரன்ஷியலைச் சேசிஸில் மாட்டி, பின்சக்கரங்களை ஒரு குழாயால் இணைக்கும் அமைப்பு), ட்ரை சம்ப் மூன்றும் உங்களுக்கு வேண்டும் என்றால், அவை ஏற்கெனவே உள்ள காரை வாங்குவது மலிவாக முடியும். ஒருவர் அந்தச் செலவைச் செய்துவிட்டார். விற்கும்போது அதில் பாதிகூட அவருக்குத் திரும்புவதில்லை. சேசிஸ் அரித்திருந்து, கையால் கட்டிய பாசமும் இல்லை என்றால் நான் இதையே சொல்வேன்.

மற்றபடி, மாதம் இரண்டு முறை மலைச்சாலையில் ஓட்டுபவர் என்றால் புஷ், டயர், எடைச் சமன். என்ஜினைத் தொட வேண்டாம். வருடத்தில் ஐந்தாறு நாள் பந்தயத் தடம் என்றால் அதே மூன்றோடு, எச்.பி. கூட்டும் முன் ஆயில் சம்ப். நீண்ட பயணம் போகிறவர் ஈசியூவும் புது வயரிங்கும் போட்டுக்கொள்ளட்டும். நேர்ச்சாலையில் முதுகை சீட்டோடு அழுத்தும் அந்த உணர்வுதான் உங்களுக்கு எல்லாமும் என்றால், டியூராடெக் இறக்குங்கள், ஆனால் அதற்கு முன் பின்பக்கப் புஷ்ஷைக் கம்பியால் ஒருமுறை நெம்பிப் பார்த்துவிடுங்கள்.

என் காரில் இப்போது என்ஜின் வந்தபடியே இருக்கிறது. சேர்ந்த பணத்தில் 13 அங்குல வீலும் மென்மையான டயரும் வாங்கியிருக்கிறேன். அடுத்த வாரம் எடைத் தட்டில் ஏற்றுகிறேன். இறுக்கிய ஒவ்வொரு போல்ட்டிலும் மஞ்சள் பெயின்டால் ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறேன். முதல் 100 கி.மீ. முடிந்ததும் டார்க் ரென்ச்சோடு அடியில் போய், எந்தக் கோடு நகர்ந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும்.